எழுபது வளைவுக்கு எத்தனை கிலோ?

சைக்கிள் ரேஸ் ஓட்டும் பெண் ஜிம்முக்குள் போனால் அங்கிருக்கும் டிரெய்னர் முதலில் எடுத்துக் கொடுப்பது இரண்டு கிலோ டம்ப்பெல். பாதி இடங்களில் அது ரோஸ் கலரில் இருக்கும். "இருபது இருபதா நாலு செட் போடுங்க மேடம், பாடி டோன் ஆகும்" என்பார். பக்கத்திலேயே பார் கிடக்கும், பிளேட் அடுக்கியிருக்கும். அதெல்லாம் பையன்களுக்கு.

எனக்கு இதில் கோபம் வருவது உண்மைதான். ஆனால் கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கு மட்டும் போட்டாலும் இது தப்பு. 90 கேடன்ஸில், அதாவது நிமிடத்துக்கு 90 சுற்று பெடல் சுற்றி, ஒரு மணி நேரம் ஓட்டினால் ஒவ்வொரு காலும் 5,400 முறை மிதிக்கிறது. மூன்று மணி நேரத்துக்கு 16,200. லேசான எடையைத் திரும்பத் திரும்பத் தள்ளும் வேலையை எங்கள் கால்கள் ஏற்கெனவே போதும் போதும் என்கிற அளவுக்குச் செய்கின்றன. அதன்மேல் இன்னொரு எண்பது ரெப், அதாவது எண்பது தடவை, போட்டு என்ன ஆகப்போகிறது? சைக்கிள் எதைத் தராதோ அதைத்தான் ஜிம்மில் தேட வேண்டும். சைக்கிள் தராதது கனம். ஐந்தாறு தடவைக்கு மேல் தூக்க முடியாத கனம்.

நான் நாமக்கல். பகலில் ஒரு லாரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன், விடிவதற்கு முன் சைக்கிள். காலேஜில் யுனிவர்சிட்டி டீமுக்காக ஆரம்பித்தது, இப்போது மாநில அளவில் டைம் டிரையலும் (தனியாகக் கடிகாரத்தோடு போட்டி போடுவது) ரோடு ரேஸும் ஓட்டுகிறேன். பள்ளிக்கூடத்துப் பெண்கள் சிலரும் என்னோடு வருகிறார்கள். அவர்களுடைய அம்மாக்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு வாசலில் நின்று பாதிப் பாதியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. மொத்தமாக எழுதிவிடலாம் என்றுதான் இது.

முதல் கேள்வி என் அண்ணன் கேட்டது. மெக்கானிக்கல் படித்தவன், அதனால் கேள்வியும் அப்படி. 200 வாட்டில், 90 கேடன்ஸில், 170 மில்லிமீட்டர் கிராங்கில் (பெடல் மாட்டியிருக்கும் தண்டு) ஓட்டும்போது பெடலில் விழும் விசை சராசரியாக 13 கிலோ அளவுதான் என்று பேப்பரில் போட்டுக் காட்டினான். மேட்டில் கேடன்ஸ் 60-க்கு இறங்கினாலும் அதே 200 வாட்டுக்கு 19 கிலோ. கால் கீழே இறங்கும் கட்டத்தில் உச்சம் இதைப்போல இரண்டு மடங்கு இருக்கலாம், சரி. "நாப்பது கிலோகூட வராத வேலைக்கு எதுக்குடி எண்பது கிலோ தூக்குற?"

நல்ல கேள்விதான். ஒரு மிதி என்றால் அவன் கணக்கு சரி. நாங்கள் மிதிப்பது ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு மிதியும் காலின் மொத்த பலத்தில் எத்தனை பங்கைக் கேட்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தொடைத் தசையில் மெதுவாக இயங்கும் நார்கள் உண்டு, அவை சீக்கிரம் களைக்காது. வேகமாக இயங்கும் நார்களும் உண்டு, அவற்றுக்குச் சக்தி அதிகம், ஆனால் சீக்கிரம் தீர்ந்துபோகும். வேலை சுலபமாக இருக்கும்வரை உடம்பு முதல் வகையை வைத்தே ஓட்டும். பளு கூடும்போதும், முதல் வகை களைக்கும்போதும் இரண்டாவதைக் கூப்பிடும். கால் பலமானால் அதே 200 வாட் அந்தக் காலுக்குச் சின்ன வேலையாகிவிடுகிறது. இரண்டாம் வகையைக் கூப்பிட வேண்டிய நேரம் தள்ளிப்போகிறது. சேர்த்து வைத்த சக்தி கடைசி மணி நேரத்துக்கு மிஞ்சுகிறது.

இன்னொன்று நேரம். 90 கேடன்ஸில் ஒரு சுற்றுக்கு முக்கால் விநாடிகூட இல்லை. கால் கீழே தள்ளுவது அதில் பாதி, அதாவது ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு. தசை தன் முழு பலத்துக்கு வர பெரும்பாலும் அந்த நேரம் போதாது. ஆகவே பலம் இருந்தால் மட்டும் பத்தாது, அது சட்டென்று வர வேண்டும். கனமான பாரை முழு வேகத்தில் மேலே தள்ளப் பார்க்கும்போது பழகுவது அந்தச் சட்டென்று வருதலைத்தான். கனம் காரணமாக பார் மெதுவாகத்தான் ஏறும். இருந்தாலும் தள்ளுகிறவள் வேகமாகத் தள்ள நினைக்க வேண்டும்.

இதையெல்லாம் நானாகச் சொல்லவில்லை. நார்வேயில் லில்லஹாமர் என்று ஒரு ஊர், 1994-இல் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்த ஊர். அங்கே ரோன்னெஸ்டாட் என்ற ஆய்வாளரின் குழு சைக்கிள்காரர்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்துப் பல வருஷமாக அளந்துகொண்டிருக்கிறது. ஆரம்பத்தில் பெரும்பாலும் ஆண்கள். 2016-இல் விக்மோன் என்பவர் முன்னின்று எழுதிய ஆய்வு பெண் சைக்கிள் வீராங்கனைகளை மட்டுமே வைத்து நடந்தது. 11 வாரம், வாரத்துக்கு இரண்டு நாள், நான்கு பயிற்சி: அரை ஸ்குவாட் (தோளில் பாரோடு பாதிவரை உட்கார்ந்து எழுவது), ஒற்றைக்கால் லெக் பிரஸ் (மெஷினில் பளுவைக் காலால் தள்ளுவது), ஒற்றைக்காலால் தொடையை முன்னே தூக்குவது, குதிகாலை உயர்த்துவது. எல்லாம் நான்கிலிருந்து பத்து ரெப்புக்குள் முடிந்துபோகும் கனம். இன்னொரு குழு வழக்கம்போல சைக்கிள் மட்டும் ஓட்டியது.

கடைசியில் நாற்பது நிமிடம் முழு மூச்சாக ஓட்டச் சொல்லி அளந்தார்கள். எடை தூக்கியவர்களின் சராசரி வாட் கூடியது. சைக்கிள் மட்டும் ஓட்டியவர்களுக்குக் கூடவில்லை. தொடைத் தசையின் பருமன் கூடியது, அதைவிட முக்கியம், வேக நார்களிலேயே மிகச் சீக்கிரம் களைக்கும் ரகம் குறைந்து கொஞ்சம் தாக்குப்பிடிக்கும் ரகம் கூடியது. அடுத்த வருஷம் அதே குழு வெளியிட்ட இன்னொரு ஆய்வுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஓட்டமும் சைக்கிளும் சேர்ந்து பழகும் பெண்களை மூன்று மணி நேரம் சைக்கிள் ஓட்டவைத்து, களைத்துப்போன அந்தக் காலோடு ஐந்து நிமிடம் முழு மூச்சாக மிதிக்கச் சொன்னார்கள். எடை தூக்கியிருந்தவர்களுக்கு அந்த ஐந்து நிமிடத்தில் ஏறக்குறைய 7 சதவீதம் கூடியிருந்தது.

ஆட்கள் எண்ணிக்கை குறைவு என்பது வாஸ்தவம். முதல் ஆய்வில் ஒரு குழுவுக்கு ஒரு டஜன்கூடத் தேறாது. பெண்களை வைத்து நடக்கும் விளையாட்டு ஆய்வுகளே கம்மி, கிடைத்ததை வைத்துத்தான் பேச முடியும். ஆனால் கொல்லிமலை ஏறுகிற யாரும் இந்த ஐந்து நிமிடக் கதையை உடனே நம்புவார்கள். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. முதல் நாற்பதை மூச்சு உள்ளவர்கள் எல்லோரும் ஏறிவிடலாம். ஐம்பதுக்குமேல் முன்னால் போகிறவள் ஒரு வளைவின் உள்பக்கத்தில் எழுந்து நின்று மிதிப்பாள் பாருங்கள், அங்கே அவள் பின்னால் ஒட்டிக்கொள்ள நுரையீரலைவிடத் தொடைதான் முதலில் கை கொடுக்க வேண்டும். கை விரித்தால் பத்து மீட்டர் விட்டுப்போகும். அப்புறம் அந்தப் பத்து மீட்டரை எட்டவே முடியாது.

சரி, எங்கே தூக்குவது? எங்கள் பக்கம் ஜிம்மில் பெண்களுக்குத் தனி நேரம் என்று காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை வைத்திருப்பார்கள். வேலைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போகிறவளுக்கு அது எதற்கு ஆகும்? மற்ற நேரத்தில் போனால் ஸ்குவாட் ரேக்கில் ஒரு அண்ணன் துண்டைப் போட்டுவிட்டு போன் பேசிக்கொண்டிருப்பார். ஆகவே ரேக்கை வீட்டிலேயே அடித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

நாமக்கல்லில் இருப்பதில் ஒரு சௌகரியம், லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைக்குப் பஞ்சமே இல்லை. ஆபீஸ் மூலமாகத் தெரிந்த ஒரு மேஸ்திரியிடம் நோட்டில் வரைந்துகொண்டு போனேன். நான்கு தூண், பாரைத் தாங்கக் கொக்கி, இடுப்பு உயரத்தில் இரண்டு பக்கமும் குறுக்குக் கம்பி. அவர் நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

"இது எதுக்குங்க அம்மிணி? தொட்டில் கட்டவா?"

"எடை தூக்கறதுக்குங்க."

"யாரு தூக்கறது?"

"நான்தாங்க."

"எவ்வளவு வெப்பீங்க?"

"நூறு கிலோ வரைக்கும் தாங்கணும்ங்க."

அவர் சிரித்த சிரிப்பில் பட்டறையில் கட்டர் ஓட்டிக்கொண்டிருந்த பையன் மெஷினை நிறுத்திவிட்டான். "பத்து டன் ஏத்தற வண்டிக்கு பாடி கட்டறோம், உங்க நூறு கிலோவுக்குப் பயப்படுவமா?" என்றவர், குறுக்குக் கம்பி எதற்கு என்று மட்டும் விடாமல் கேட்டார். கீழே உட்கார்ந்தவள் எழ முடியாமல் போனால் பாரை அதன்மேல் விட்டுவிட்டு வெளியே வர என்றேன். அதன் பிறகு ஆள் மாறிவிட்டார். என்னை முக்காலியில் உட்காரவைத்து, தோள் உயரத்தை டேப் பிடித்து அளந்து, சாக்பீஸால் தூணில் கோடு போட்டார். கொக்கிக்குப் பழைய சேனல் துண்டு, அதன் உள்பக்கம் பார் உரசாமல் இருக்க கன்வேயர் பெல்ட் ரப்பர். குறுக்குக் கம்பியை மட்டும் இரண்டு முறை வெல்டிங் வைத்தார். முடித்ததும் தானும் பையனும் அதைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார்கள். பெயின்ட் லாரிக்கு அடித்து மிஞ்சியது. அதனால் எங்கள் ரேக் பச்சையும் மஞ்சளும்.

பாரில் ஒரு விஷயம் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஜிம்மில் கிடக்கும் ஒலிம்பிக் பார் 20 கிலோ, பிடி 28 மில்லிமீட்டர் தடிமன். பெண்களுக்கென்று பளுதூக்கும் போட்டியில் வைப்பது 15 கிலோ, 25 மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது என்று தோன்றும். டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கும் பாரைப் பிடித்து நிமிர்வது) போடும்போது கால் அசராமல் கை மட்டும் நழுவுகிறவளிடம் கேளுங்கள். விலை கொஞ்சம் கூட என்றாலும் 15 கிலோ பார்தான் வாங்கினோம். பிளேட் பழையது, துருப்பிடித்த இரும்பு.

ஒரு செஷனில் நடப்பதைச் சொல்கிறேன். பத்து நிமிடம் சைக்கிளில் சும்மா சுற்றிவிட்டு வந்து வெறும் பாரோடு ஆரம்பம். பாரின் கீழே போவதற்கு முன் சடையை முன்பக்கம் போட வேண்டும். எந்த வீடியோவிலும் இதைச் சொல்ல மாட்டார்கள். பின்னால் தொங்கும் சடை பாருக்கும் முதுகுக்கும் நடுவில் மாட்டினால் எழும்போது தலை பின்னால் இழுக்கும், கழுத்து வளையும். பாரை வைக்கும் இடம் கழுத்தெலும்பின் மேல் இல்லை, அதற்குக் கீழே தோள்பட்டையைச் சேர்த்துப் பிடித்தால் ஒரு சதைத் திண்டு எழும்புமே, அங்கே. மூச்சை வயிற்றுக்குள் இழுத்து, யாரோ குத்தப்போகிறார்கள் என்பது போல் வயிற்றை இறுக்கிக்கொண்டு, மூன்று எண்ணும் நேரத்தில் இறங்க வேண்டும். முழங்கால் 90 டிகிரிக்கு மடங்கியதும் போதும், அதற்கு ஏற்ற உயரத்தில் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டிருக்கிறோம். புட்டம் ஸ்டூலைத் தொட்டதும் உட்காராமல் எழு. முடிந்த அளவு வேகமாக எழு.

சைக்கிளில் முழங்கால் எந்த மடக்கில் அதிகம் தள்ளுகிறதோ அதற்குப் பக்கத்தில் வருகிறது என்பதால்தான் நார்வேக்காரர்கள் அரை ஸ்குவாட்டை எடுத்தார்கள். முழு ஸ்குவாட் கெடுதல் என்று நான் சொல்லவில்லை. சீசன் இல்லாத நேரத்தில் நானும் கீழேவரை போவேன்.

முதல் மூன்று நான்கு வாரம் பத்து ரெப் வருகிற கனம். அப்புறம் ஆறு, அப்புறம் நாலு ஐந்து. மூன்று செட் போதும். என் எடை 54 கிலோ, அரை ஸ்குவாட்டில் இப்போது 85 வைத்து ஐந்து போடுகிறேன். பளுதூக்கும் பெண்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அவர்கள் கொல்லிமலை ஏற வேண்டியதில்லை.

இரண்டு செட்டுக்கு நடுவில் இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு கட்டாயம். சின்னப் பெண்களோடு எனக்கு நடக்கும் சண்டையெல்லாம் இந்த இடத்தில்தான். சைக்கிள்காரிகளுக்கு மூச்சு வாங்காமல் நின்றால் ஏதோ ஏமாற்றுகிறோம் என்ற எண்ணம். முப்பது விநாடியில் "போலாமாக்கா?" என்பார்கள். வியர்வை ஊற்றுவதற்கு இங்கே வரவில்லை, அதற்குக் காலையில் ரோடு இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

லெக் பிரஸ் மெஷின் எங்களிடம் இல்லை. அதற்குப் பதில் பின்காலை பெஞ்சில் வைத்து ஒற்றைக்கால் ஸ்குவாட். இரண்டு காலுக்கும் உள்ள வித்தியாசம் இதில் பட்டென்று தெரிந்துவிடும், பெரும்பாலும் இடது மக்கர் பண்ணும். தொடையை முன்னே தூக்க கேபிள் மெஷினுக்குப் பதில் லாரி டியூபை நீளமாக வெட்டி ரேக்கின் அடியில் கட்டியிருக்கிறோம், மற்ற முனை பாதத்தில். படிக்கட்டில் குதிகால். இதோடு நானாகச் சேர்த்தது டெட்லிஃப்டும், குனிந்து பாரை வயிற்றுக்கு இழுக்கும் ரோவும். ஸ்பிரிண்டில் கால் கீழே மிதிக்க மிதிக்க கை ஹேண்டில்பாரை மேலே இழுத்துப் பிடிக்காவிட்டால் பாதி பலம் சீட்டுப் பக்கமாக ஓடிவிடும். பொதுவாகவே ஆண்களின் பலத்தோடு ஒப்பிட்டால் நமக்குக் கால் பலத்தில் உள்ள இடைவெளியைவிட மேலுடம்பில் இடைவெளி அதிகம். ஆகவே நமக்கு இது கூடுதலாகவே தேவை.

இப்போது அம்மாக்கள்.

"பொம்பளப்புள்ள வெயிட்டு தூக்கினா கர்ப்பப்பை எறங்கிப்போயிரும்ங்க." இதைச் சொல்லாத ஒரு அம்மாவையும் நான் பார்த்ததில்லை. அதே வீட்டில் அதே பெண் தெருக்குழாயிலிருந்து இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம் என்று முப்பது கிலோ பக்கம் சுமந்து வருகிறாள், அதுவும் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு. அப்போது இறங்காத கர்ப்பப்பை, நேராக நின்று, மூச்சுப் பிடித்து, கீழே விழுந்தால் தாங்கக் கம்பி வைத்துத் தூக்கும்போது மட்டும் ஏன் இறங்க வேண்டும்? பிள்ளை பெற்றவர்கள், தூக்கும்போது சிறுநீர் கசிகிறவர்கள் மகப்பேறு டாக்டரையோ இதில் பழகிய பிசியோவையோ பார்த்துவிட்டு, படிப்படியாக வர வேண்டும், அது வேறு. அதைக்கூட வெட்கப்பட்டு மறைப்பதுதான் பெரிய கெடுதல். இங்கிலாந்தின் கேட்டி மார்ச்சன்ட் 2022-இல் குழந்தை பெற்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் டிராக் (சைக்கிளுக்கென்றே கட்டிய சுற்றுத் தளம்) டீம் ஸ்பிரிண்டில் தங்கம், உலக சாதனையோடு. டிராக் ஸ்பிரிண்ட்காரர்கள் தூக்கும் கனத்துக்கு முன்னால் நாங்கள் தூக்குவது ஒன்றுமே இல்லை.

"வளர்த்தி நின்னு போயிரும்." போகாது. பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் இருந்து, முறையைப் பழகி, மெதுவாகக் கனம் ஏற்றினால் பதின்வயதுக்காரர்களுக்கு எடைப் பயிற்சியால் வளர்ச்சி நின்றதாக எந்த ஆதாரமும் இல்லை. எங்களிடம் வருகிற பள்ளிக்கூடப் பெண்கள் ரொம்ப நாள் வெறும் பாரோடு மட்டும்தான் இருப்பார்கள். அவர்களுக்கே சலித்துப்போய்க் கேட்ட பிறகுதான் பிளேட்.

"ஆம்பள மாதிரி ஆயிருவா." பெண்களுக்குத் தசையை வளர்க்கும் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஆண்களில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சதவீதக் கணக்கில் பார்த்தால் நமக்கும் தசை அவர்களைப்போலவே வளரும், ஆனால் ஆரம்பித்த இடம் சின்னது. தவிர, வாரத்துக்குப் பத்து மணி நேரம் சைக்கிள் ஓட்டிக்கொண்டு இரண்டு நாள் எடை தூக்கி யாராவது தெரியாத்தனமாகப் பயில்வான் ஆகிவிட முடியும் என்றால், ஜிம்மில் வருஷக்கணக்காகத் தவம் கிடக்கும் பையன்கள் எல்லாம் ஏன் அப்படியே இருக்கிறார்கள்?

அம்மாக்களைக்கூடச் சமாளித்துவிடலாம். எடை இயந்திரத்தோடு சுற்றும் ஆட்களைத்தான் சமாளிக்க முடிவதில்லை. மேடு ஏற ஒரு கிலோவுக்கு எத்தனை வாட் என்பதுதான் கணக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். வாட்டைக் கூட்ட மாதங்கள் ஆகும், கிலோவைக் குறைக்க இரவுச் சாப்பாட்டை நிறுத்தினால் போதும். எனவே எல்லோரும் இரண்டாவதைப் பிடித்துக்கொள்கிறார்கள். 2025 டூர் டி பிரான்ஸ் பெண்கள் போட்டியை பாலின் ஃபெரான்-பிரெவோ ஜெயித்தபோது இந்தப் பேச்சு உலகம் முழுக்க ஓடியது. அந்தப் போட்டிக்காக எடையைக் குறைத்ததை அவரே வெளிப்படையாகச் சொன்னார். இரண்டாவதாக வந்த டெமி வாலரிங், தன் உடம்பு அவ்வளவு ஒல்லியாகும் உடம்பு இல்லை, அதற்காகத் தன்னை வருத்திக்கொள்ளப் போவதில்லை என்ற கருத்தில் எழுதினார். ஃபெரான்-பிரெவோவுக்குப் பின்னால் டாக்டர், உணவு நிபுணர் என்று ஒரு டீமே நிற்கிறது, ஒரு பெரிய போட்டிக்காகக் கொஞ்ச காலம் மட்டும் செய்தது அது. ராசிபுரத்துப் பதினைந்து வயதுப் பெண் அதைப் பார்த்துவிட்டு மதியச் சோற்றைத் தோழிக்குக் கொடுத்துவிட்டால் அவளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்?

சாப்பாடு குறைந்து பயிற்சி கூடும்போது உடம்பு முதலில் கையை வைப்பது பீரியட்ஸில். தள்ளிப்போகும், அப்புறம் நின்றே போகும். ரேஸ் நாள் தொல்லை விட்டது என்று சந்தோஷப்படுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன், "ஹார்டா டிரெய்ன் பண்ணா அப்படித்தான்" என்று சொல்லும் கோச்களையும் கேட்டிருக்கிறேன். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் மருத்துவக் குழு 2014-இலேயே இதற்கு ஒரு பெயர் வைத்து எச்சரித்துவிட்டது: ரெட்-எஸ், அதாவது செலவுக்கு ஏற்ற வரவு உடம்புக்குக் கிடைக்காமல் போவது. மூன்று மாதம் வராவிட்டால் அது டாக்டரிடம் போக வேண்டிய விஷயம். இப்படி பீரியட்ஸ் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும் குறைந்திருக்கும், அது குறைந்தால் எலும்பு மெலியும். சைக்கிள் அதை இன்னும் மோசமாக்கும். ஓடுகிறவளின் எலும்பு ஒவ்வொரு அடியிலும் தரையின் அதிர்வை வாங்குகிறது, அதற்கு ஏற்ப உறுதியாகிறது. சைக்கிளில் உட்கார்ந்திருப்பவளின் முதுகெலும்புக்கு அந்த வேலையே இல்லை. ரோடு சைக்கிள்காரர்களுக்கு, ஆண்களையும் சேர்த்துத்தான், முதுகெலும்பின் அடர்த்தி குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. கீழே விழுவதோ எங்கள் விளையாட்டில் சகஜம். ரேஸில் ஒரு விநாடிகூட மிச்சமாகாது என்றாலும் எலும்புக்காகவே தோளில் பார் வைக்கச் சொல்வேன்.

பீரியட்ஸ் தேதிக்கு ஏற்ப இந்த வாரம் கனம், அந்த வாரம் லேசு என்று அட்டவணை போட்டுத் தரும் ஆப்கள் நிறைய வந்துவிட்டன. ஆய்வுகள் இதுவரை அப்படி எல்லோருக்கும் பொருந்தும் ஒரு விதியைக் காட்டவில்லை, சராசரியாகப் பார்த்தால் வித்தியாசம் மிகச் சின்னது. ஆனால் சராசரி வேறு, வயிற்று வலியோடு சுருண்டு கிடக்கிறவள் வேறு. எங்கள் நோட்டில் எடைக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி வைக்கிறோம், அவ்வளவுதான். அன்றைக்கு வார்ம்-அப்பிலேயே பார் கனமாகத் தெரிந்தால் பத்துக் கிலோ குறைத்துக்கொள்வது, தெரியாவிட்டால் அப்படியே போடுவது. ஒருத்திக்கு முதல் நாள் படு மோசம், இன்னொருத்தி தன் அதிகபட்சத்தைத் தூக்கியதே இரண்டாம் நாளில்தான். ரத்தப்போக்கு அதிகம் உள்ளவர்கள் ஹீமோகுளோபினோடு நிறுத்தாமல், உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துவிடுவது நல்லது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்பு இருப்பு காலியாக இருக்கலாம். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கத்தையும் விட வேண்டும், சாப்பாட்டில் உள்ள இரும்பை அது உடம்பில் சரியாகச் சேரவிடாது.

சாப்பாட்டில் புரதம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் என்பது எடைப் பயிற்சி செய்கிறவர்களுக்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவு. எனக்கு 86 கிராம். இட்லி, ரசம் சாதம், கூட்டு என்று போகிற நாளில் அதில் பாதிகூட வராது. முட்டை விலை நிர்ணயிக்கும் ஊரில் இருந்துகொண்டு இதற்கு டப்பா பவுடர் வாங்குவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. ஒரு முட்டையில் 6 கிராம், நாளைக்கு நாலு. புரட்டாசியில் ஊரே முட்டையை ஒதுக்கும்போது விலையும் இறங்கும், எங்களுக்குக் கொண்டாட்டம். சைவ வீட்டுப் பெண்களுக்குச் சுண்டல், வேர்க்கடலை, பால், தயிர் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வர வேண்டும். முடியும், ஆனால் யோசித்துச் சாப்பிட வேண்டும்.

டிராக் ஓட்டப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நின்ற இடத்திலிருந்து கிளம்பும் டைம் டிரையலில் முதல் அரைச் சுற்று முழுக்க எடைப் பயிற்சியின் ராஜ்ஜியம். ஒரே கியர், கேடன்ஸ் பூஜ்யம், அங்கே பெடலில் விழும் விசைக்கு என் அண்ணனின் 13 கிலோ கணக்கெல்லாம் ஆகாது. நம் நாட்டில் இதைக் காட்டியவர் டெபோரா ஹெரோல்ட். அந்தமான் நிக்கோபாரிலிருந்து வந்தவர், ஒன்பது வயதில் சுனாமியில் தப்பிப் பிழைத்தவர், 2015-இல் 500 மீட்டர் டைம் டிரையல் உலகத் தரவரிசையில் நான்காம் இடம்வரை போனார். இப்போது சர்வதேச அளவில் எலைட் பெண்களுக்கு அந்த 500 மீட்டர் இல்லை, 2025-இலிருந்து ஆண்களைப் போலவே 1 கிலோமீட்டர். கிளம்பும் பலத்தை மட்டும் வைத்து முடித்துவிட முடியாது, கடைசி 300 மீட்டர் வேறு கதை. அதற்காக பாரைக் குறைக்காதீர்கள். ரோட்டில் செய்யும் ஒரு நிமிட இன்டர்வெல்லை (முழு வேகம், ஓய்வு என்று மாற்றி மாற்றி ஓட்டுவது) கூட்டுங்கள்.

கடைசியாக, எப்போது. எங்களுக்கு ரேஸ் அதிகம் வருவது மழை முடிந்து பனி தொடங்கும் மாதங்களில். எனவே வெயில் காலத்தில் ரோட்டில் காய்வதைக் குறைத்துவிட்டு வாரம் இரண்டு நாள் கனமாகத் தூக்குகிறோம். ரேஸ் தொடங்கியதும் வாரத்துக்கு ஒரு நாள், செட்டையும் குறைத்து, கனத்தை மட்டும் குறைக்காமல். சம்பாதித்த பலம் வாரம் ஒரு முறை தூக்கினாலே குறையாமல் நிற்கிறது என்று அதே நார்வே குழு காட்டியிருக்கிறது. பெரும்பாலான பெண்கள் சீசனில் ஜிம்மை அடியோடு விட்டுவிட்டு, முக்கியமான ரேஸ் வரும்போது கோடைப் பயிற்சிக்கு முன் இருந்த காலோடுதான் போய் நிற்கிறார்கள். ரேஸுக்கு முந்திய மூன்று நான்கு நாள் எதுவும் தூக்க வேண்டாம், தொடை வலியோடு போய் நிற்கக்கூடாது.

ஒரே நாளில் இரண்டும் வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம், வைப்பதே நல்லது. காலையில் இன்டர்வெல், சாயங்காலம் பார், நடுவில் ஆறு மணி நேரமாவது இடைவெளி, நன்றாகச் சாப்பாடு. அடுத்த நாள் மோகனூர் போய் ஆற்றைப் பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்பி வரலாம். அதிலும் யாராவது முன்னால் போய் வேகம் பிடித்தால் திரும்பி வந்து என் ரேக்கைத் தொடக்கூடாது.